முதல் கெக்: எவ்வளவு கேஸ், எத்தனை நாள், ஏன் இவ்வளவு நுரை?

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை எல்லாமே பாட்டில்தான். ஒவ்வொரு தடவையும் ஐம்பது பாட்டிலைக் கழுவி, சர்க்கரை கலந்து, மூடி அடித்து, அப்புறம் இரண்டு வாரம் காத்திருக்க இனி எனக்குப் பொறுமை இல்லை. "கிச்சன் எப்போது எங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்?" என்று வீட்டிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால் கெக்குக்கு, அதாவது பீரை மொத்தமாக ஊற்றிக் கேஸ் ஏற்றும் எஃகுப் பீப்பாய்க்கு, மாறலாம் என்று முடிவு. பழைய பால் லாக் (ball lock, குழாய் மாட்டும் முனையின் வகை) கார்னி கெக் ஒன்று, 5 பவுண்டு கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர், குழாயோடு ஒரு பிக்னிக் டேப் (பீர் ஊற்றும் சின்னத் திறப்பு), எல்லாம் வாங்கியாயிற்று. கராஜில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. பேல் ஏல் என்ற வகை பீர் புளித்து முடிந்து தயாராக நிற்கிறது; ஹைட்ரோமீட்டர் மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டுகிறது.

இணையத்தில் தேடினால் ஒருத்தர் 12 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வை என்கிறார், இன்னொருத்தர் 30 என்கிறார், மூன்றாவது ஆள் கெக்கைத் தரையில் போட்டு உருட்டு என்கிறார். எதை நம்புவது? தெரிந்தவர்கள் முதலிலிருந்து தமிழில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பார்லிக்காரி | மெல்போர்ன்

கேஸ் பக்கம் போவதற்கு முன்னால் கெக்கைக் கவனியுங்கள். உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் ஒரு காலத்தில் பெப்சி சிரப் சுமந்த கெக். பால் லாக் பெப்சி வழி வந்தது, பின் லாக் (pin lock) கோக் வழி வந்தது. 5 கேலன், அதாவது 19 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். பழைய கெக்கில் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்: மூடிக்கு ஒரு பெரியது, இரண்டு போஸ்டுக்கும் (கேஸ் உள்ளே போகும், பீர் வெளியே வரும் முனைகள்) ஒவ்வொன்று, அவற்றிலிருந்து உள்ளே இறங்கும் டிப் டியூப்புக்கு ஒவ்வொன்று. விலை ஒன்றும் பெரிதில்லை. மாற்றாவிட்டால் ரூட் பீர் (அது ஒரு சோடா பானம்) வாசனை உங்கள் பேல் ஏலில் இறங்கும். அந்த வாசனை எஃகில் தங்காது, ரப்பரில்தான் ஊறிக் கிடக்கும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

இரண்டு போஸ்டையும் கழற்றி, டிப் டியூப்பை வெளியே எடுத்து, உள்ளே நீளமான பிரஷ் விட்டுக் கழுவுங்கள். பிபிடபிள்யூ மாதிரி காரத்தன்மையுள்ள கழுவும் பொடி போதும். பிளீச் மட்டும் வேண்டாம். குளோரின் துருப்பிடிக்காத எஃகையும் அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி போட்டுவிடும். திரும்ப மாட்டும்போது எந்த போஸ்ட் எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்டுங்கள். அடிப்பகுதி மூலைகளில் சின்ன வெட்டு இருப்பது கேஸ் போஸ்ட். குட்டை டியூப் அதன் கீழே, அடிவரை போகும் நீள டியூப் பீர் பக்கம். போஸ்டில் அழுத்தி மாட்டும் டிஸ்கனெக்டில் சாம்பல் நிறம் கேஸ், கருப்பு பீர். மாற்றி அழுத்தினால் ஏறிவிடும், ஆனால் இறங்காது. அதைக் கழற்ற ஆரம்பித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

கழுவியபின் ஸ்டார் சேன் என்ற கிருமிநாசினி, 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. ஒன்றிரண்டு நிமிஷம் எல்லா இடத்திலும் பட்டால் போதும், அலச வேண்டாம். அந்த நுரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதன்மேலேயே பீரை விடலாம்.

ரப்பர் வளையங்களுக்கு உணவுக்கு உகந்த சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். வாசலின் தடவக் கூடாது, ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

மைல்ஹை | டென்வர்

அக்கா கெக்கைச் சொல்லிவிட்டார், நான் எண்களுக்கு வருகிறேன். 12-ம் 30-ம் உருட்டலும் ஒன்றுக்கொன்று எதிரான பதில்கள் இல்லை. மூன்றும் ஒரே இடத்துக்குப் போகும் வழிகள்தான், வேகம் மட்டும்தான் வேறு.

பீரில் எவ்வளவு கேஸ் கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பீரின் குளிர்ச்சி, அதன் தலைமேல் நிற்கும் அழுத்தம். குளிர்ந்த பீர் அதிகம் கரைக்கும், சூடான பீர் குறைவாகக் கரைக்கும். கரைந்திருக்கும் அளவை 'வால்யூம்' கணக்கில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் ஒரு வால்யூம். எடையில் அது 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அமெரிக்க பேல் ஏலுக்கு 2.4 முதல் 2.6 வரை வழக்கம். ஜெர்மன் கோதுமை பீர் 3.5-க்கு மேல்கூடப் போகும்.

ஃப்ரிட்ஜ் 38 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 3 டிகிரி செல்சியஸ் சொச்சம் இருந்து, 12 பிஎஸ்ஐ வைத்தால் கடைசியில் 2.57 வால்யூமில் போய் நிற்கும். உங்கள் பேல் ஏலுக்கு அச்சாகப் பொருந்தும். அதே 12 பிஎஸ்ஐயை 10 டிகிரி செல்சியஸில் வைத்தால் 2.06 வால்யூம்தான், குடித்தால் சப்பென்று இருக்கும். ஃப்ரிட்ஜே இல்லாமல் 20 டிகிரியில் 2.5 வேண்டுமென்றால் 28 பிஎஸ்ஐ தேவை. வெப்பநிலையைச் சொல்லாமல் பிஎஸ்ஐ மட்டும் சொல்கிற ஆளின் அறிவுரையை அப்படியே தள்ளிவிடுங்கள். ஃப்ரிட்ஜில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, மறுநாள் அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். காற்றின் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அது நமக்கு உதவாது.

என் வழி சோம்பேறி வழி. குளிர வைத்து, 12-இல் மாட்டி, மறந்துவிடுவேன். ஒரு வாரத்தில் குடிக்கலாம், இரண்டு வாரத்தில் நன்றாக இருக்கும். கேஸ் அதிகமாகிவிடுமோ என்ற பயமே கிடையாது; சமநிலைக்கு வந்ததும் தானே நின்றுவிடும்.

ஒரு பின்குறிப்பு, எடிசனுக்கு இது தேவைப்படாது. டென்வர் மாதிரி உயரத்தில் இருப்பவர்கள் 2,000 அடிக்கு 1 பிஎஸ்ஐ வீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். ரெகுலேட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தத்தை. இங்கே வெளிக்காற்றே மெலிசு. அதனால் நான் 14-க்கு மேல்தான் வைக்கிறேன்.

வடமராட்சியான் | ஸ்கார்பரோ

மைல்ஹை சொன்னது எல்லாம் சரி. ஆனால் இரண்டு கிழமை காத்திருக்கிற பொறுமை இருந்தால் ஆள் போத்திலிலேயே நின்றிருப்பாரே!

நான் கனகாலமாகச் செய்கிற முறையைச் சொல்கிறேன். பியரை முதலில் நல்லாகக் குளிர விடுங்கள், ஒரு முழு இரவு. பிறகு 30 பிஎஸ்ஐயில் கெக்கை மாட்டி, ஒன்றும் ஆட்டாமல் 24 மணித்தியாலம் விடுங்கள். பிறகு காஸை மூடி, கெக் மூடியில் உள்ள வால்வின் வளையத்தை இழுத்து மேலே நிற்கிற அழுத்தத்தை வெளியேற்றி, 12-க்கு இறக்கி மாட்டுங்கள். அடுத்த நாள் ஒரு கிளாஸ் எடுத்துப் பாருங்கள். அனேகமாகக் குடிக்கலாம். குறைவாக இருந்தால் 12-இலேயே இன்னும் இரண்டு நாள்.

ஆட்டுகிற முறையும் இருக்கிறது. 30-இல் மாட்டி மடியில் வைத்துக் குலுக்கினால் சில நிமிடத்தில் காஸ் ஏறிவிடும். கெதியான வழி, ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.

மைல்ஹை | டென்வர்

அந்தக் கடைசி வரிதான் விஷயம். 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 30 பிஎஸ்ஐ சமநிலைக்கு வந்தால் 4.3 வால்யூம். குலுக்கும்போது அதை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். 2.5-ஐத் தாண்டிப் போனது தெரியவே தெரியாது. குலுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் 12-இலேயே வைத்துக் குலுக்குங்கள். கை வலிக்கும், ஆனால் 2.57-ஐத் தாண்டாது. குலுக்குவது பீருக்கும் கேஸுக்கும் நடுவில் உரசும் பரப்பைத்தான் கூட்டுகிறது. எல்லையை நிர்ணயிப்பது அழுத்தம்.

24 மணி நேரம் 30-இல் குலுக்காமல் விடுவது நல்ல முறைதான், அதில் எனக்கு எதிர்ப்பில்லை. 36 மணி நேரத்துக்கு மேல் மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்லிக்காரி | மெல்போர்ன்

குலுக்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெக்கைப் படுக்க வைத்துக் குலுக்கும்போது கேஸ் போஸ்ட் பீருக்குள் மூழ்கியிருக்கும். அந்த நேரம் ரெகுலேட்டரில் அழுத்தத்தைக் குறைத்தாலோ சிலிண்டர் காலியானாலோ பீர் குழாய் வழியாக ரெகுலேட்டருக்குள் ஏறும். உள்ளே போன பீர் காய்ந்து ஒட்டினால் அந்த ரெகுலேட்டரைப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். ஒரு திசை வால்வு உள்ள ஷட்-ஆஃப் (கேஸை அடைக்கும் திருகு) வாங்கிப் போடுங்கள்.

அவசரப்படுத்தி கேஸ் ஏற்றிய பீர் முதல் ஓரிரு நாள் நாக்கில் கூர்மையாகக் குத்தும், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனையும் கலங்கியிருக்கும். என் அபிப்பிராயம், எப்படி ஏற்றினாலும் ஒரு வாரம் குளிரில் நின்ற பீர்தான் பீர். அந்த ஒரு வாரத்தில் ஈஸ்ட் அடியில் படியும், முதல் கிளாஸ் கலங்கலாக வந்து அப்புறம் தெளிந்துவிடும். அதனால் 'கெக்கில் போட்டால் அன்றைக்கே குடிக்கலாம்' என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

லீட்ஸ் வாசி | இங்கிலாந்து

கூட்டத்தில் நுழைந்து ஒரு உள்ளூர்ப் பெருமை பேசிக்கொள்கிறேன். செயற்கையாகத் தண்ணீரில் கேஸ் ஏற்றும் வேலை எங்கள் ஊர் மதுவடிப்பாலை ஒன்றில்தான் ஆரம்பித்தது. 1767-இல் ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார். புளித்துக்கொண்டிருந்த தொட்டியின் மேல் தேங்கி நின்ற கேஸில் தண்ணீரைப் பிடித்துப் பார்த்து, அது சுவையாகப் பொங்குவதைக் கண்டார். சோடாவின் தொடக்கம் அது. அழுத்தம் கூடினால் கரைவதும் கூடும் என்று வில்லியம் ஹென்றி எழுதியது 1803-இல். மைல்ஹை கொடுத்த கணக்கெல்லாம் அவர் விதியிலிருந்து வருவதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் 2.5 வால்யூமைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊர் பிட்டர் என்ற பீருக்கு அது அதிகம். 1.8 அளவில், 12 டிகிரி செல்சியஸில் குடித்துப் பாருங்கள், மால்ட் (முளைகட்டிய பார்லி) ருசி தனியாகத் தெரியும். இதற்கு 10 பிஎஸ்ஐ போதும். இன்னும் ஒன்று, கெக் என்றால் சிலிண்டரிலிருந்துதான் கேஸ் ஏற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கெக்கை ஒரு பெரிய பாட்டிலாக நினைத்து உள்ளே 80 கிராம் சர்க்கரையைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுச் சேர்த்து, அறை வெப்பத்தில் இரண்டு வாரம் விட்டால் 2 வால்யூம் கிட்டத் தானே வந்துவிடும். மூடி சரியாக உட்கார முதலில் மட்டும் சிலிண்டரிலிருந்து ஒரு தடவை அழுத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஈஸ்ட் கஷ்டப்பட்டு உண்டாக்கும் கேஸ் எல்லாம் மூடி ஓரமாகக் கசிந்து போய்விடும்.

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

எல்லாருக்கும் நன்றி, அருமையாக இருக்கிறது. வளையங்கள் மாற்றிக் கழுவி வைத்துவிட்டேன். பீரை மாற்றும்போது காற்றுப் படாமல் இருக்க என்ன செய்வது? ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர், ஆக்சிஜன் பட்டால் கெடும் என்கிறார்கள்.

மைல்ஹை | டென்வர்

கெடும். நிறம் பழுப்பாகும், வாசனை போய் நனைந்த அட்டை மாதிரி ஒரு ருசி வரும்.

பீர் புளித்த ஃபெர்மென்டரிலிருந்து குழாயைக் கெக்கின் அடிவரை விட்டு, சலசலக்காமல் நிரப்புங்கள். கேஸ் டிப் டியூப்பின் நுனிக்குக் கீழேயே நிறுத்திவிடுங்கள். மூடியை மூடி 30 பிஎஸ்ஐ கொடுங்கள். இதிலேயே மூடியும் இறுகி உட்காரும். அப்புறம் வளையத்தை இழுத்து வெளியேற்றுங்கள். இதையே ஐந்து தடவை செய்யுங்கள். 30 பிஎஸ்ஐ என்பது வெளிக்காற்றோடு சேர்த்தால் மொத்தம் மூன்று மடங்கு அழுத்தம். ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்காகிறது. ஐந்தாவது தடவையில் 250-இல் ஒரு பங்குகூட இருக்காது.

இன்னும் கறாராகச் செய்பவர்கள் கெக்கை முழுக்க ஸ்டார் சேன் கரைசலால் நிரப்பி, அதைக் கேஸாலேயே வெளியே தள்ளிவிட்டு, மூடியைத் திறக்காமல் பீர் போஸ்ட் வழியாகவே நிரப்புவார்கள். நியூ இங்கிலாந்து ஐபிஏ மாதிரி ஹாப்ஸ் அதிகமான பீர் போடும்போது அப்படிச் செய்யுங்கள். பேல் ஏலுக்கு ஐந்து தடவை வெளியேற்றினால் போதும்.

ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டும்போது நடுவில் ஒரு வாஷர் வர வேண்டும். நம் ஊரில் சிஜிஏ-320 இணைப்புக்கு அது இல்லாமல் கேஸ் நிற்காது. கடைக்காரர் அதைச் சிலிண்டர் வால்வில் நூல் கட்டித் தொங்கவிட்டிருப்பார், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரைத் திறப்பதற்கு முன் ரெகுலேட்டர் திருகை இடப்பக்கமாகத் தளரத் திருப்பி வையுங்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு.

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

நேற்று இரவு எல்லாம் சொன்னபடி செய்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டேன். சிலிண்டரும் உள்ளேதான். காலையில் பார்த்தால் சிலிண்டர் பக்கத்து மீட்டர் 800-க்கு மேல் இருந்தது 550-க்கு வந்துவிட்டது! ஒரே ராத்திரியில் மூன்றில் ஒரு பங்கு கேஸ் போய்விட்டதா? சோப்புத் தண்ணீரில் எங்கேயும் குமிழி இல்லை.

வடமராட்சியான் | ஸ்கார்பரோ

ஒன்றும் போகவில்லை தம்பி, நிம்மதியாக வேலைக்குப் போங்கள். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அதன் மேல் நிற்கிற ஆவியின் அழுத்தத்தைத்தான் அந்த மீட்டர் காட்டுகிறது. 20 டிகிரி செல்சியஸில் அது 830, ஃப்ரிட்ஜின் 3 டிகிரியில் 550. உள்ளே ஒரு கரண்டி திரவம் மிச்சம் இருந்தாலும் அதே எண்ணைத்தான் காட்டும். எண் விழ ஆரம்பித்தால் திரவம் முடிந்தது என்று அர்த்தம், மிச்சம் இருப்பது ஆவி மட்டும்தான்.

எவ்வளவு இருக்கிறது என்று அறியத் தராசுதான் வழி. சிலிண்டரின் தோளில் வெறும் எடையைப் பொறித்திருப்பார்கள். நிறுத்துப் பார்த்து அதைக் கழியுங்கள்.

மைல்ஹை | டென்வர்

கணக்குப் பிடித்தவர்களுக்கு: 19 லிட்டர் பீரை 2.5 வால்யூமுக்குக் கொண்டுவர மொத்தம் 93 கிராம் கேஸ். புளித்தபோதே அதில் 0.85 வால்யூம் கரைந்திருக்கும், ஆக நாம் சேர்ப்பது 60 கிராம் சொச்சம். கெக் காலியாகும்வரை பீரைத் தள்ள இன்னொரு 65, 70 கிராம். வெளியேற்றியது, குழாயில் போனது எல்லாம் சேர்த்து ஒரு கெக்குக்கு 150 கிராம் என்று வையுங்கள். 5 பவுண்டு சிலிண்டரில் 2,270 கிராம். காகிதத்தில் 15 கெக் வரும், வீட்டில் 10 வந்தால் சரி. இரண்டாவது கெக்கிலேயே காலியானால் எங்கேயோ ஒழுகுகிறது. பழைய கெக்கில் முதல் சந்தேகம் மூடியின் மேல்.

பார்லிக்காரி | மெல்போர்ன்

ஒழுகல் என்று வந்ததால் சொல்லியே ஆக வேண்டும். கேஸ் வீணாவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம், ஆள் மூச்சைப் பற்றியும் பேச வேண்டும். அந்த 5 பவுண்டு முழுவதும் வெளியே வந்தால் அறை வெப்பத்தில் 1,200 லிட்டருக்கு மேல். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், மூடிய அறை என்றால் காற்றில் 5 சதவீதத்தைத் தாண்டும். 4 சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட கனமானது, தரையோடு தேங்கும். ஸ்கார்பரோவில் எல்லார் வீட்டிலும் பேஸ்மென்டில்தான் இந்த ஃப்ரிட்ஜ் இருக்கும், இல்லையா அண்ணா? அங்கே ஒரு கார்பன் டை ஆக்சைடு அலாரம் மாட்டுங்கள். வீட்டுக் கூரையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இதற்குச் சத்தம் போடாது, அது வேறு வாயு.

சிலிண்டரைக் காரில் கொண்டுவரும்போது நிமிர்த்திக் கட்டுங்கள், ஜன்னலை இறக்கிவிடுங்கள், வெயிலில் காரோடு விட்டுவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். கெக் மூடியை எப்போது திறந்தாலும் முதலில் வளையத்தை இழுத்து அழுத்தம் முழுவதும் போனபின்தான் கை வைக்க வேண்டும்.

வடமராட்சியான் | ஸ்கார்பரோ

பேஸ்மென்ட்தான். அலாரம் இருக்கிறது தங்கச்சி, மனிசி வாங்கி மாட்டினவ.

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

ஒரு வாரம் ஆகிவிட்டது. 30-இல் ஒரு நாள், அப்புறம் 12-இல் விட்டேன். இன்று டேப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. முக்கால் கிளாஸ் நுரை, கால் கிளாஸ் பீர். கேஸ் அதிகமாகிவிட்டதா? திரும்ப வெளியேற்ற வேண்டுமா? இந்தச் சனிக்கிழமை நண்பர்கள் வருகிறார்கள்.

மைல்ஹை | டென்வர்

எதையும் வெளியேற்றாதீர்கள். நுரை அடங்கும்வரை பொறுத்து, கீழே இருக்கும் பீரை ருசித்துப் பாருங்கள். நாக்கில் இன்னும் பலமாகக் குத்துகிறதா, அல்லது சப்பென்று இருக்கிறதா? இன்னொன்று, டேப் குழாய் எத்தனை அடி நீளம்?

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

நுரை அடங்கியபின் சப்பென்றுதான் இருக்கிறது. குழாய் அளந்தேன், 4 அடி. செட்டோடு வந்தது.

மைல்ஹை | டென்வர்

நினைத்தேன். பீரில் கேஸ் சரியாகத்தான் இருக்கிறது, வெளியே வரும் வழியில் அடித்துத் துரத்தப்படுகிறது. அதனால்தான் கிளாஸில் நுரையும் அடியில் சப்பென்ற பீரும். கேஸ் உண்மையிலேயே அதிகமாகியிருந்தால் நுரை அடங்கிய பிறகும் பீர் குத்தும்.

கெக்குக்குள் 12 பிஎஸ்ஐ, டேப்புக்கு வெளியே பூஜ்யம். அந்த 12-ஐயும் குழாயின் உரசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். 4 அடிக் குழாயில் அதற்கு இடம் இல்லை, டேப் வாயில் வந்து மொத்தமாக உடைகிறது. கால் அங்குல உள்விட்டம் என்றால் இன்னும் மோசம். 3/16 அங்குல உள்விட்டத்தில் 10 அடி வினைல் குழாய் வாங்கி மாட்டுங்கள், 12 அடி என்றாலும் பாதகமில்லை. நீளம் கூடினால் மெதுவாக வரும், வேறு கெடுதல் கிடையாது. இந்தக் குட்டைக் குழாயை ஏன்தான் செட்டில் போட்டு விற்கிறார்களோ. புதிதாக வருகிற ஆள் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

பார்லிக்காரி | மெல்போர்ன்

இங்கே நாங்கள் 4 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் போடுவோம், இரண்டரை மீட்டரில் வேலை முடிந்துவிடும். கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஃப்ரிட்ஜுக்குள் பத்தடிக் குழாயைச் சுருட்டி வைக்கிற தொல்லை இல்லை.

குழாய் சனிக்கிழமைக்குள் வரவில்லை என்றால் ஒரு தற்காலிக வழி: கேஸை மூடி, அழுத்தத்தை வெளியேற்றி, 3 அல்லது 4 பிஎஸ்ஐயில் ஊற்றுங்கள். விருந்து முடிந்ததும் திரும்ப 12-க்கு ஏற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் சில நாளில் பீரிலிருந்து கேஸ் வெளியேறிவிடும். டேப்பை முழுக்கத் திறங்கள், பாதி திறந்து சிக்கனம் பிடித்தால் நுரைதான் வரும். டேப்பும் குழாயும் பீர் அளவுக்குக் குளிர்ந்திருக்கட்டும். கிளாஸை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைபனி படிந்த கிளாஸில் நுரை தாறுமாறாகக் கிளம்பும். நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி, ஈரத்தோடு சாய்த்துப் பிடித்து ஊற்றினால் போதும். முதல் கால் கிளாஸ் எப்படியும் நுரையும் ஈஸ்டும்தான். அது நமக்கு, விருந்தாளிக்கு இல்லை.

கொங்குக்காரன் | கோயம்புத்தூர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன். இதையெல்லாம் இங்கே வீட்டில் செய்ய முடியுமா?

லீட்ஸ் வாசி | இங்கிலாந்து

பீர் என்றால் வேண்டாங்க. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷ மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்குக் கொஞ்சமாக என்ற விலக்கு அதில் கிடையாது. எங்களுக்கு இங்கே 1963-இல்தான் உரிமம் வாங்க வேண்டிய கட்டாயம் போனது. அமெரிக்காவில் 1978-இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், அதற்குப் பிறகும் மாநிலங்கள் இழுத்தடித்து, அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் கடைசியாக அனுமதித்தன.

ஆனால் கெக்கும் கேஸும் பீருக்கு மட்டும் சொந்தமில்லை. நன்னாரி சர்பத், இஞ்சி எலுமிச்சை, பன்னீர் சோடா, எதை வேண்டுமானாலும் குளிர வைத்து ஏற்றலாம்.

மைல்ஹை | டென்வர்

எங்கள் வீட்டில் இரண்டாவது கெக் எப்போதும் பிள்ளைகளுக்கான இஞ்சி சோடாதான். சோடாவுக்கு பீரைவிடக் கேஸ் அதிகம் வேண்டும், 3.5 வால்யூமாவது. 3 டிகிரியில் கடல் மட்டத்தில் 22 பிஎஸ்ஐ. இந்த அழுத்தத்துக்குக் குழாயும் 20 அடிக்கு மேல் வேண்டும், இல்லையென்றால் எடிசன்காரர் கதைதான். கூழும் நாரும் போக மெல்லிய துணியில் வடிகட்டிவிடுங்கள், டிப் டியூப் அடைத்துக்கொள்ளும். சர்க்கரையும் எலுமிச்சையும் இருப்பதால் காட்டு ஈஸ்ட் ஏறினால் புளிக்க ஆரம்பிக்கும். ஆகவே எப்போதும் குளிரிலேயே வையுங்கள். சிலிண்டர் உணவுத் தரக் கேஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். தீயணைப்பான் நிரப்புகிற இடத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று போகாதீர்கள்.

கொங்குக்காரன் | கோயம்புத்தூர்

நன்னாரி நல்ல யோசனைங்க. சோடா கடைக்காரர்களுக்குக் கேஸ் கொடுப்பவரை விசாரிக்கிறேன்.

எடிசன்காரன் | நியூ ஜெர்சி

10 அடிக் குழாய் வந்தது, மாட்டினேன். இரண்டு விரல் நுரையோடு கிளாஸ் நிறைகிறது. பார்லிக்காரி அக்கா சொன்னது மாதிரி இன்று குடித்த கிளாஸ் போன வாரத்தைவிட எவ்வளவோ மேல். கெக் தீர்ந்ததும் குழாயைக் கழுவ வேண்டுமா, அப்படியே அடுத்த கெக்கை மாட்டலாமா?

பார்லிக்காரி | மெல்போர்ன்

கழுவுங்கள். காலிக் கெக்கில் இரண்டு லிட்டர் சுடுதண்ணீரில் பிபிடபிள்யூ கரைத்து ஊற்றி, கேஸால் தள்ளி டேப் வழியாக விடுங்கள். கால் மணி நேரம் குழாயில் நிற்கட்டும். அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் ஸ்டார் சேன். பிக்னிக் டேப்பைக் கையால் பிரித்துக் கழுவுங்கள், உள்ளே மூலையில் பழுப்பாகப் படிந்திருக்கும். காலிக் கெக்கை மூடி வைக்கும்போது ஸ்டார் சேன் கொஞ்சமும் 5 பிஎஸ்ஐ கேஸும் விட்டு வையுங்கள். அடுத்த பீர் தயாராகும் நாளில் வளையத்தை இழுத்தால் 'புஸ்' என்று வர வேண்டும். வரவில்லையென்றால் எந்த ரப்பர் வளையத்தை மாற்றுவது என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.